காவல் கூலி – பாடிகார்டு வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு நம்ம பக்கத்து வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

விருதுநகர், சிவகாசிப் பக்கம் படித்துவிட்டு வேலை தேடும் பையன்களில் சிலர் "பாடிகார்டு வேலைக்குப் போகலாமா ஐயா?" என்று கேட்கிறார்கள். ஜிம்மில் உடம்பை ஏற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்டினால் வேலை கிடைத்துவிடும் என்ற எண்ணம் அவர்களிடம் இருக்கிறது. காவல் தொழில் நம் மண்ணுக்குப் புதிதல்ல. அதன் கதை தெரிந்தால் போகலாமா, யாரிடம் போகலாம் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு 'ஆபத்துதவிகள்' என்ற சொல் தெரியும். அது கல்கியின் கற்பனையல்ல. பாண்டியர் கல்வெட்டுகளில் 'தென்னவன் ஆபத்துதவிகள்' வருகிறார்கள். அரசனுக்கு ஆபத்து வந்தால் தம் உயிரைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவர்கள். சோழர்களிடம் அதுபோல வேளைக்காரர் இருந்தார்கள். இலங்கைப் பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரர் உறுதி கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் இறந்தால் அவனுடைய மெய்க்காவலர்களும் சிதையில் விழுந்து உயிர்விடுவார்கள் என்று எழுதிவைத்தார்.

இது அரண்மனைக் கதை. சாதாரண மக்களுக்கு யார் காவல்?

பாளையக்காரர் காலத்தில் நம் பகுதியில் இரண்டு வகைக் காவல் இருந்தது. ஓர் ஊருக்குள் இருப்பது தலக்காவல். பல ஊர்களையும் பாதைகளையும் சேர்த்துப் பாளையக்காரர் பார்த்தது திசைக்காவல். இதற்கு ஊரார் களத்தில் தானியமாகவோ பணமாகவோ கூலி கொடுப்பார்கள். இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. களவு போனால் காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கூலியும் பொறுப்பும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகளாக இருந்தன.

அந்தக் கயிறு அறுந்தபோது வேலியே பயிரை மேய்ந்தது. காவல் கூலி கொடுக்காத வீட்டில் மாடு காணாமல் போகும். பிறகு ஒருவர் வந்து, துப்புக்கூலி கொடுத்தால் மாடு கிடைக்கும் என்பார். பாதுகாப்புக்கு வாங்கிய பணம் பயத்துக்கு வாங்கும் பணமாக மாறியது.

1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு, பாளையக்காரர்களின் ஆயுதங்களையும் திசைக்காவல் உரிமையையும் கம்பெனி பறித்துக்கொண்டது. 1859இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. ஆனாலும் கிராமங்களில் பழைய காவல் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதைகளில் பயமும் உடனே தீர்ந்துவிடவில்லை.

அப்போது நம் வியாபாரிகள் வேறொரு வழி கண்டார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே சரக்கு ஏற்றிவந்த நாடார் வணிகர்கள் வழிநெடுகப் 'பேட்டை' கட்டினார்கள். சுற்றுச்சுவரும் கதவும் கொண்ட இடம். இரவில் வண்டி, மாடு, சரக்கு எல்லாம் உள்ளே இருக்கும். அந்தச் செலவுக்கு ஒவ்வொரு வியாபாரியும் சரக்குக்கு ஏற்றபடி கொடுத்த சிறு தொகைதான் மகமை. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் அவர்களுடைய உறவின்முறைகள் வேரூன்றின. 1899 சிவகாசிக் கலவரம் போன்ற கொடிய நாட்களையும் இந்த ஊர்கள் பார்த்தன.

மகமைப் பணம் பேட்டைச் சுவரோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடமாக வளர்ந்தது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி வந்தது; காமராசர் படித்த பள்ளி அது. வழிப்பறிப் பயத்துக்காகச் சேர்த்த காசு கடைசியில் பிள்ளைகளின் படிப்புக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் அவருடைய காவலர்களே. அதன் பிறகு 1985இல் பிரதமரின் பாதுகாப்புக்கென எஸ்.பி.ஜி. என்ற தனிப்படை உருவானது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு அவருடைய தனிப் பாதுகாவலரும், பணியிலிருந்த நம் காவல்துறையினர் பலரும் உயிரிழந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்குள் இரண்டையும் பார்த்துவிட்டோம். வாக்கை முறித்த காவலும் உண்டு, வாக்கோடு மாண்ட காவலும் உண்டு.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் நிறுவனம் நடத்தக் கூடாது. காவலருக்கு வயது 18 முதல் 65 வரை. போலீஸ் நன்னடத்தைச் சரிபார்ப்பு வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள்படி வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி, குறைந்தது 20 நாள் பயிற்சி. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் இது குறைவு. உயரம் ஆண்களுக்கு 160 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. பெண் பிள்ளைகளும் இதைக் கவனியுங்கள். துப்பாக்கி வைத்திருக்க ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். போலீஸ், ராணுவம் போலச் சீருடை அணிவது குற்றம்.

உடம்பைப் பற்றி விதி சொல்வது ஒரு தொடக்கம்தான். மிச்சமெல்லாம் கண்ணும் நிதானமும். நல்ல மெய்க்காவலர் அடிதடி நடக்கும் இடத்துக்குத் தன் ஆளைக் கூட்டிக்கொண்டே போகமாட்டார். வழியை முன்கூட்டியே பார்ப்பார், வாசல்களை எண்ணிவைப்பார், கூட்டத்தில் கைகளைக் கவனிப்பார்.

இதற்கு உதாரணம் தேடிச் சென்னைக்குப் போக வேண்டாம். நம் பட்டாசு ஆலை வாசலில் நிற்கும் வாட்ச்மேனைப் பாருங்கள். சட்டைப்பையில் தீப்பெட்டியும் செல்போனும் இருக்கிறதா என்று அவர் ஒழுங்காகப் பார்த்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் அவர்தான் மெய்க்காவலர். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தை நாம் மறக்க முடியாது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். ஓடிவருகிறவரைத் தடுத்து நிறுத்துவதும் காவல்தான். அந்த வேலைக்கு நாம் என்ன சம்பளம், என்ன மரியாதை கொடுக்கிறோம்?

ஆகவே, தம்பிகளே, தங்கைகளே, தாராளமாகப் போங்கள். போகும் முன் நிறுவனத்திடம் நான்கு கேள்வி கேளுங்கள். உரிமம் எங்கே? பயிற்சி எத்தனை நாள்? சம்பளம் எழுத்தில் உண்டா? எனக்கு அடிபட்டால் மருத்துவச் செலவும், உயிர் போனால் என் வீட்டுக்கு இழப்பீடும் யார் தருவார்?

பழைய காவல்காரர் களவுக்கு ஈடு கொடுத்தார். காவல்காரருக்கு ஈடு கொடுப்பது யார் என்பதை வேலையில் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.