லொடலொட சத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

நெய்வேலிக்காரர்களுக்கு நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் புதுசு இல்லை. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாகி, 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததிலிருந்து இது இயந்திரங்களின் ஊர். அதிரும் இடத்தில் நட்டு தானாகத் தளரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் பள்ளி விழா மேடையில் டிரம்ஸ் லொடலொடப்பதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் டிரம் எப்போதும் இப்படி லொடலொடத்தது இல்லை. ஐரோப்பாவின் பழைய படை முரசுகளைக் கயிற்றால்தான் இழுத்துக் கட்டினார்கள். கயிறு தளர்ந்தால் சுருதி இறங்கும், அவ்வளவுதான். லொடலொட என்று ஆட அதில் இரும்பு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கயிறு இருந்த இடத்துக்குத் திருகுக் கம்பிகள் வந்தன. பிறகு பல முரசுகளை ஒரே ஆள் வாசிக்க வேண்டி வந்தது. 1909-இல் அமெரிக்காவில் லுட்விக் சகோதரர்கள் வேகமாக வாசிக்க ஏற்ற கால் பெடலைக் கொண்டு வந்தார்கள். ஸ்டாண்டு, கீல், ஸ்பிரிங், பட்டாம்பூச்சி நட்டு என்று இரும்பு கூடிக்கொண்டே போனது. கூடவே சத்தமும்!

இதில் ஒரு வேடிக்கை. ஸ்நேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகள் சரசரக்க வேண்டும் என்றே வைக்கப்பட்டவை. அதாவது ஒரு சத்தத்துக்குக் காசு கொடுக்கிறோம், பக்கத்திலேயே வரும் இன்னொரு சத்தத்தை விரட்டுகிறோம்.

நம் ஊர்க் கதையும் இதேதான். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பண்ருட்டியின் பலா மரம் இசைக்கருவி செய்யப் பேர் போனது. தவிலும் பலா மரத்தில்தான் கடையப்படுகிறது. முன்பு அதன் இரண்டு பக்கத் தோலையும் தோல் வாரால் இழுத்துக் கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்பு வளையமும் போல்ட்டும் வந்தன. இப்போது வித்வானே ஸ்பேனரை எடுத்துச் சுருதி ஏற்றிக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் கருவி கனத்தது, நட்டு தளர்ந்தால் தவிலும் முனகும். வார் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு வேலையும் குறைந்தது. அந்தக் கைகளின் பெயரை நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா ஒரு முழுப் புத்தகம் எழுதியதே 2020-இல்தான்.

சரி, சத்தத்தை எப்படி நிறுத்துவது? முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் டிரம்மைத் தட்டட்டும். இன்னொருவர் ஒவ்வொரு இரும்பையும் விரலால் அழுத்திக்கொண்டே வரட்டும். எதைத் தொடும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. தளர்ந்த திருகுக் கம்பி என்றால் அதை முறுக்கி, எதிர்ப்பக்கக் கம்பியையும் சமமாக்குங்கள். சிம்பல் ஸ்டாண்டு உச்சியில் பிளாஸ்டிக் குழாய் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினால் புதுக்குழாய் போடுங்கள். பழைய டிரம்களில் திருகுக் கம்பி இறங்கும் உலோகப் பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதுதான் ரீங்கரிக்கும். பெட்டிக்குள் கொஞ்சம் பஞ்சு அடைத்தால் அடங்கிவிடும். பின்னாளில் பல கம்பெனிகள் அந்த ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டன. பாஸ் கிடார் வாசிக்கும்போது மட்டும் ஸ்நேர் சரசரத்தால் அது பழுது இல்லை, ஒத்த அதிர்வு. பாட்டு இல்லாத நேரத்தில் கம்பியைத் தளர்த்தும் நெம்பை இறக்கி விடுங்கள், போதும்.

கயிறும் தோல் வாரும் இருந்த காலத்தில் கருவியைச் சரி செய்ய ஒரு ஆளைத் தேடிப் போனோம். போல்ட் வந்த பிறகு அந்த வேலை நம் தலையில் விழுந்துவிட்டது. ஸ்பேனர் கைக்கு வந்தால் போதாது நண்பர்களே, அந்த ஆளிடம் இருந்த காதும் நமக்கு வர வேண்டும்.