பௌஹவுஸ்

ஜெர்மன் மொழியில் ‘பௌ’ என்றால் கட்டுதல், கட்டடம். ‘ஹவுஸ்’ என்றால் வீடு. வீடு கட்டுவதைக் குறிக்கும் ‘ஹவுஸ்பௌ’ என்ற வழக்குச் சொல்லைத் திருப்பிப்போட்டால் கிடைப்பது பௌஹவுஸ். 1919இல் வைமார் நகரில் தொடங்கிய கலைப்பள்ளிக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் கட்டடக் கலைஞர் வால்ட்டர் க்ரோப்பியஸ்.

பெயருக்குள் இன்னொரு பழஞ்சொல்லின் எதிரொலியும் உண்டு. இடைக்காலத்தில் பேராலயங்களை எழுப்பிய கல்தச்சர்களின் பட்டறைக்கு ‘பௌஹுட்டே’ என்று பெயர். அந்தப் பட்டறையைப் போலவே சிற்பியும் தச்சரும் ஓவியரும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது க்ரோப்பியஸின் கனவு. பள்ளியின் முதல் அறிக்கைக்கு ஓவியர் லியோனல் ஃபைனிங்கர் மரச்செதுக்கில் வடித்துத் தந்த அட்டைப்படமும் ஒரு பேராலயம்தான்.

1925இல் டெஸ்ஸாவ், 1932இல் பெர்லின் என இடம்பெயர்ந்த பள்ளி, நாஜிகளின் நெருக்கடியால் 1933இல் மூடப்பட்டது. வாழ்ந்தது 14 ஆண்டுகளே.

சொல்லோ பள்ளியைத் தாண்டி வளர்ந்தது. அங்கே பயின்ற மார்செல் ப்ராயரின் எஃகுக் குழாய் நாற்காலி போல, வேண்டாத அலங்காரம் களைந்த வடிவமைப்புக்கெல்லாம் இன்று அதுவே பொதுப்பெயர். டெல் அவிவின் ‘வெள்ளை நகர’க் கட்டடங்களையும் மக்கள் பௌஹவுஸ் என்றே அழைக்கிறார்கள். 2003இல் அந்த நகரப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.