நம்பத்தகுந்த ஒரு வெள்ளைக்கார சாட்சி

போன மாசம் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைல் கையில் சிக்கியது. தங்கமணி, "இன்னுமா இந்தக் குப்பையை வச்சிருக்கீங்க?" என்று தூக்கிப் போடப் போனார். பாய்ந்து போய் பிடுங்கிக்கொண்டேன். உள்ளே பழைய ஐ-94 சீட்டு, சம்பள ரசீதுகள், பாஸ்போர்ட் ஜெராக்ஸ்கள், கூடவே நாலு வரியில் ஒரு கடிதம்.

அந்தக் கடிதத்துக்கு மட்டும் ஒரு சின்ன கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க. நான் ஹெச்-1பியில் கலிபோர்னியா வந்த புதுசு. ஒரு அலுவலக கவுன்ட்டரில், இந்த ஊரில்தான் குடியிருக்கேன் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். வாடகை ஒப்பந்தம் ரூம்மேட் பேரில். கரண்ட் பில்லும் அவன் பேரில். ஆள் முழுசா எதிரே நிக்கிறேன், ஆனா காகிதப்படி நான் அந்த வீட்டிலேயே இல்லை! கடைசியில் கவுன்ட்டர் அம்மாவே ஒரு வழி சொன்னார்: "கூட இருக்கறவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா." குண்டூர்க்காரன், நாலு வரி எழுதி கையெழுத்துப் போட்டான். மறுநாள் பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது.

இதில் என்னடா வரலாறு என்கிறீர்களா? 1892-ல் இதே கலிபோர்னியாவில் நான் ஒரு சீனத் தொழிலாளியாக இருந்திருந்தால், அந்தக் கடிதம் செல்லாது. எழுதினவன் வெள்ளைக்காரன் இல்லையே.

கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை 1869-ல் முடிந்தது. அதன் மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்தவர்கள் ஆயிரக்கணக்கான சீனர்கள். வேலை முடிந்ததும் அவர்களே வேண்டாதவர்கள் ஆனார்கள். 1882-ல் வந்த விலக்குச் சட்டம், சீனத் தொழிலாளர்கள் புதிதாக வருவதைப் பத்து வருஷத்துக்குத் தடை செய்தது. ஏற்கெனவே இருப்பவர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு சான்றிதழ் தரப்பட்டது. 1888-ல் இன்னொரு சட்டம் போட்டு அந்தச் சான்றிதழ்களையும் செல்லாக்காசு ஆக்கினார்கள். சே சான் பிங் என்பவர் 1875-லிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தவர். 1887-ல் சான்றிதழோடு ஊருக்குப் போனார். அவர் திரும்பி வரும் கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது சட்டம் மாறிவிட்டது. துறைமுகத்தில் இறங்க விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1889-ல் தோற்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

பத்து வருஷக் கெடு முடியும் நேரத்தில், 1892 மே 5 அன்று வந்தது கியரி சட்டம். கொண்டுவந்தவர் கலிபோர்னியா எம்.பி. தாமஸ் கியரி. (சான் ஃபிரான்சிஸ்கோ கியரி தெருவில் காபி குடிப்பவர்கள் பதற வேண்டாம். அது அந்த ஊரின் முதல் மேயர் ஜான் கியரி, இவர் வேற.) இந்தச் சட்டப்படி எல்லா சீனத் தொழிலாளர்களும் ஒரு வருஷத்துக்குள் வசிப்பிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் நாடு கடத்தல். சான்றிதழ் ஏன் வாங்க முடியவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்டலாம். ஆனால் சட்டம் வந்தபோது இங்கேதான் வசித்தேன் என்பதற்கு 'நம்பத்தகுந்த ஒரு வெள்ளைக்கார சாட்சி'யாவது வேண்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, சட்டத்தின் வாசகமே அதுதான்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சைனாடவுனில் குடியிருந்து, சீனக் கடையில் சாமான் வாங்கி, சீனர்களோடு மட்டுமே பழகும் ஒரு ஆளுக்கு வெள்ளைக்கார சாட்சி எங்கிருந்து கிடைப்பார்? பக்கத்து அறைக்காரன் இருபது வருஷமாகப் பார்த்திருப்பான். அவன் சொன்னால் எடுபடாது.

சீனர்கள் சும்மா இருக்கவில்லை. ஆறு கம்பெனிகள் என்று அழைக்கப்பட்ட சங்கம், "யாரும் பதிவு செய்யாதீங்க, தலைக்கு ஒரு டாலர் கொடுங்க, கோர்ட்டில் பார்த்துக்கலாம்" என்றது. ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த சீனர்களில் கெடுவுக்குள் பதிந்தவர்கள் சுமார் 13,000 பேர்தான். இப்படி ஒட்டுமொத்தமாக ஒத்துழையாமை நடந்தபோது நம்ம காந்தி தென்னாப்பிரிக்காவுக்கு இன்னும் கப்பலிலிருந்து இறங்கவே இல்லை!

1893 மே 6-ம் தேதி, கெடு முடிந்த மறுநாளே நியூயார்க்கில் மூன்று சலவைத் தொழிலாளிகள் கைதானார்கள். மே 15-ல் தீர்ப்பே வந்துவிட்டது. மூவரில் லீ ஜோ என்பவர் சான்றிதழ் கேட்டு முறையாகப் போனவர். சாட்சிக்குச் சீனர்களை அழைத்துப் போனதால் திருப்பி அனுப்பப்பட்டவர். அவருக்கும் தோல்விதான். நாடு கடத்தல் ஒரு தண்டனையே அல்ல, ஆகவே குற்றவாளிக்குரிய பாதுகாப்புகள் தேவையில்லை என்றது பெரும்பான்மை. மாறாகத் தீர்ப்பு எழுதிய மூவரில் ஒருவர் அதே ஸ்டீபன் ஃபீல்ட். வாசலில் நிற்பவனைத் தடுப்பது வேறு, வீட்டுக்குள் வாழ்பவனை வெளியே தள்ளுவது வேறு என்பது அவர் வாதத்தின் சாரம். நாலு வருஷத்தில் மனுஷனுக்கு உறைத்திருக்கிறது.

ஜெயித்தும் அரசுக்குச் சிக்கல். அத்தனை பேரையும் கப்பலேற்ற கஜானாவில் காசு இல்லை. அதனால் 1893 நவம்பரில் இன்னும் ஆறு மாசம் கெடு கொடுத்தார்கள். இந்த முறை சான்றிதழில் போட்டோவும் கட்டாயம். 'வெள்ளைக்கார சாட்சி' என்பதை 'சீனர் அல்லாத சாட்சி' என்று மாற்றினார்கள். ரொம்பத்தான் தாராளம்! பெரும்பாலானோர் பதிந்துகொண்டார்கள்.

1906 பூகம்பத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்தன. "நான் இங்கேயே பிறந்தவன்" என்று பலர் சொன்னார்கள், பொய் என்று காட்ட ஏடு இல்லை. குடிமகனின் பிள்ளை என்று சொல்லி 'காகித மகன்கள்' வந்தார்கள். அவர்களைப் பிடிக்க ஏஞ்சல் தீவில் விசாரணை: உங்க வீட்டுக்கு எத்தனை படி? ஊர்க் கிணறு எங்கே? பொய் சொன்னவன் மனப்பாடம் செய்து தப்பித்தான். நிஜமான மகன் படிகளை எண்ணாமல் விட்டு மாட்டினான்.

விலக்குச் சட்டங்கள் 1943-ல் ரத்தாயின. ஆனால் காகிதம் வைத்திருக்கும் பழக்கம் ரத்தாகவில்லை. 1940-ல் எல்லா வெளிநாட்டவருக்கும் பதிவு வந்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பதிவு அட்டையை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது 1952 சட்டம். இன்றைக்கும் அது இருக்கிறது. என் பர்ஸில் கிரீன் கார்டு இருப்பது அதனால்தான்.

எல்லாத்தையும் தங்கமணியிடம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், குண்டூர்க்காரன் கடிதத்தை மட்டும் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்தார். ஃபைல் மறுபடி அலமாரிக்கே போய்விட்டது.

டிஸ்கி: ராத்திரி அந்த ரூம்மேட்டுக்குப் போன் போட்டேன். லெட்டர் எழுதினதே அவனுக்கு ஞாபகம் இல்லையாம்!