நெஞ்சுவலி முதல் இதய அறுவை சிகிச்சை வரை: வாழ்க்கைத் துணையின் பங்கு (பெரம்பலூர், அரியலூர்)

மாரடைப்பு வந்தவருக்கு மருத்துவர் கிடைப்பதற்கு முன்பே முதல் முடிவை எடுக்க வேண்டியவர் கணவர் அல்லது மனைவி. 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூரிலும், 2007 முதல் நிலையான தனி மாவட்டமாக உள்ள அரியலூரிலும் இந்தப் பொறுப்பு இன்னும் பெரிது. மேல்சிகிச்சைக்கு இப்பகுதியினர் வழக்கமாகப் போவது திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும்தான். பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கி.மீ.; அரியலூரிலிருந்து தஞ்சாவூர் சுமார் 45 கி.மீ. ஆண்டிமடம், வேப்பந்தட்டை போன்ற ஊர்களிலிருந்து தொலைவு இன்னும் அதிகம். பிழைப்புக்காகக் கணவரோ மகனோ வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் குடும்பங்களில், வீட்டில் இருக்கும் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் மணி நேரம்

"கேஸா இருக்கும், ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்ற பேச்சில்தான் பொன்னான நேரம் கரைகிறது. நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மாரடைப்பென்றே கருதிக் கிளம்ப வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமல் களைப்பும் குமட்டலும் முதுகுவலியும் மட்டும் இருக்கலாம். "எனக்கு ஒண்ணுமில்ல, படுத்தா சரியாயிடும்" என்று மனைவி சொன்னாலும் கணவர் அதை ஏற்கக் கூடாது.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வாடகைக் கார் பிடித்து நேரே திருச்சிப் பெரிய மருத்துவமனைக்கு விரைகிறார்கள். அதைவிட, இ.சி.ஜி. எடுக்க வசதியுள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போவதே உயிர் காக்கும். அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் ஊசிகள் வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் பலன் தரும். முந்தப் போட்டால் பலன் பன்மடங்கு. அங்கே ஊசி போட்டுக்கொண்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் வசதியுள்ள இடத்துக்கு மாறலாம்.

இம்முறையைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று, சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்து 2012 முதல் 2014 வரை நடத்திய திட்டத்தில் 2,420 நோயாளிகள் இடம்பெற்றனர். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் அளவைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2008 முதல் இயங்கும் 108 ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற உதவியாளரும் உண்டு. வழியில் இதயம் நின்றால் காரில் செய்ய முடியாததை அதில் செய்ய முடியும்.

ஆவணப் பை

வலி தொடங்கிய நேரத்தைத் துணைவர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா மருத்துவரும் முதலில் கேட்பது அதைத்தான். இ.சி.ஜி. அச்சாகும் தாள் வெப்பத்தில் மங்கிவிடும். அன்றே அலைபேசியில் படம் எடுத்து, ஜெராக்ஸும் போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போட்ட நேரம், எக்கோ அறிக்கை, ஆஞ்சியோ சி.டி., மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இல்லாத மருமகளுக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது. சிமென்ட் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் இ.எஸ்.ஐ. தகுதியையும் பார்க்க வேண்டும்.

சம்மதம் பற்றிச் சிறு குறிப்பு: நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் சம்மதமே செல்லும், உறவினர் அதைத் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே 'அவருக்குச் சொல்ல வேண்டாம், பயந்துடுவார்' என்று மறைப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, நோயாளிக்கும் அநியாயம்.

அறுவைக்குக் காத்திருக்கும் நாட்கள்

ஆஞ்சியோகிராம் பார்த்த மருத்துவர், அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுப் பாதை அமைக்கும் பைபாஸ் அறுவை வேண்டும் என்றதும் குடும்பமே கலங்கிப் போகிறது. 1967-இல் ரெனே ஃபவலோரோ அமெரிக்காவில் காலின் ரத்தக் குழாயைக் கொண்டு செய்து வழிகாட்டிய இந்த அறுவையை, 1975-இல் கே. எம். செரியன் சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். அரை நூற்றாண்டுப் பழக்கமுள்ள சிகிச்சை என்பதைக் கலங்கியவரிடம் எடுத்துச் சொல்லலாம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரலை வழக்கமாக அறுவைக்கு 5 நாள் முன்பு நிறுத்துவார்கள்; அதை அறுவை மருத்துவரே சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டார் அல்ல. பீடி, சிகரெட்டை அன்றே விட வேண்டும். ரத்தம் கொடுக்க ஆள் பார்த்து வைக்க வேண்டும். ஓய்விலேயே வலி வந்தால் தேதிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

வீடு திரும்பிய பின்

கம்பியால் கட்டிய மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அன்பு மிகுதியில் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது தவறு. நோயாளி பக்கவாட்டில் ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு எழும்போது, துணைவர் முதுகுக்குப் பின்னால் தாங்கினால் போதும். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பந்துள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். மெதுவாக உள்ளே இழுத்துப் பந்தை உயர்த்துவதே முறை. பத்தியம் என்று சொல்லி முட்டையையும் மீனையும் பருப்பையும் நிறுத்தினால் புண் ஆறாது. விலக்க வேண்டியவை கருவாடு, ஊறுகாய், அப்பளம்.

எரிச்சலும் அழுகையும் தூக்கமின்மையும் இந்த வாரங்களில் வருவது இயல்பு. மாரடைப்பு கண்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயே வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாம்பத்திய உறவு பற்றி இருவருமே கேட்கக் கூச்சப்படுகிறார்கள். எலும்பு கூடியபின், இரண்டு மாடி மூச்சிரைக்காமல் ஏற முடிந்தால் பொதுவாகத் தடையில்லை. நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் எடுப்பவர் வயாகரா போன்ற மாத்திரைகளைத் தொடவே கூடாது.

கவனிப்பவரின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள்தான் இந்தக் காலத்தில் முதலில் விட்டுப்போகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் மாத்திரைகளோடு வீட்டுக்கே வருகிறார். அப்போது இருவருக்கும் சேர்த்தே அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம்.