ஆட்டத்தைத் தேடித் தீவுகளுக்குப் போனவர்: கேத்தரின் டன்ஹாம்

1944 அக்டோபர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரம். ஆட்டம் முடிந்ததும் நடனக் குழுவின் தலைவி மேடையின் முன்னால் வந்து, இனி இந்த ஊரில் ஆட வரமாட்டேன் என்று பார்வையாளர்களிடமே சொன்னார். வெள்ளையரும் கறுப்பரும் அருகருகே உட்கார அந்த அரங்கில் அனுமதி இல்லை. அது மாறும்வரை தமக்கு அங்கே வேலை இல்லை என்றார். அவர்தான் கேத்தரின் டன்ஹாம்.

1909-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஜோலியட் என்ற ஊரில் சலவைக்கடை நடத்தினார். பாலே கற்றுக்கொண்டே சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார் டன்ஹாம். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கையில் எதையும் கொண்டுவர முடியவில்லை. உடம்போடு வந்த ஆட்டம் என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியோடு 1935-இல் ரோசன்வால்ட் நிதியுதவி பெற்றுக் கரீபியன் தீவுகளுக்குப் புறப்பட்டார்.

ஜமைக்காவில் அக்கொம்பாங் என்ற மலைக்கிராமம். பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டுத் தப்பிய அடிமைகளின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த இடம். அவர்களுடைய பழைய போர் ஆட்டத்தைக் காண அங்கேயே தங்கிக் காத்திருந்தார். அந்த நாட்களின் பதிவாக 1946-இல் 'ஜர்னி டு அக்கொம்பாங்' வெளிவந்தது. ஹைத்தியிலோ இன்னும் ஆழமாகப் போனார். குறிப்பேட்டோடு ஓரமாக நிற்காமல், வோடூ சமயத்தின் தீட்சைச் சடங்குகளைத் தாமே ஏற்றார். ஆய்வாளர் இப்படி உள்ளே போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒதுங்கி நின்றிருந்தால் அந்த ஆட்டத்தின் பக்தி அவருக்குப் பிடிபட்டிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

திரும்பி வந்தவர் பட்டங்களைத் துரத்தவில்லை. மார்ட்டினிக் தீவின் சண்டை ஆட்டத்தை உச்சக்காட்சியாக வைத்து 1938-இல் சிகாகோவில் 'லாகியா' என்ற நாட்டிய நாடகத்தை அமைத்தார். முதுகெலும்பும் இடுப்பும் முரசின் தாளத்துக்குத் தனித்தனியே அசையும் தீவுகளின் முறையைப் பாலே பயிற்சியோடு இணைத்தார். 'டன்ஹாம் முறை' என்ற பெயரில் அது இன்றும் கற்பிக்கப்படுகிறது. நியூயார்க்கில் அவர் நடத்திய பள்ளியிலிருந்து வந்தவர்தான் பாடகி எர்த்தா கிட்.

புகழ் வந்தபிறகும் அவமானம் நிற்கவில்லை. 1950-இல் பிரேசிலின் சாவோ பாலோவில் ஒரு பெரிய ஹோட்டல் அவருக்கு அறை தர மறுத்தது. டன்ஹாம் அதை வெளிப்படையாகச் சொன்னார், நாடே கொதித்தது. இனப் பாகுபாட்டைக் குற்றமாக்கும் சட்டம் 1951 ஜூலையில் அங்கே நிறைவேறியது.

அதே காலத்தில் சிலியின் சாந்தியாகோவில் 'சவுத்லாண்ட்' அரங்கேறியது. அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பின இளைஞனைக் கும்பல் தூக்கிலிட்டுக் கொல்லும் கதை. அமெரிக்க அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். பிற கலைக்குழுக்கள் அரசுச் செலவில் உலகம் சுற்றியபோது இவருக்கு அந்த ஆதரவு கிடைக்கவில்லை. தெரிந்தே கொடுத்த விலை அது.

1957-இல் ஜப்பானின் கியோட்டோவில் தனித்திருந்து தம் இளமைக் கதையை எழுதத் தொடங்கினார். 'நான்' என்று சொல்லாமல், வேறொரு பெண்ணின் கதைபோல எழுதினார். 'எ டச் ஆஃப் இன்னசென்ஸ்' என்ற அந்த நூல் 1959-இல் வந்தது. ஹைத்தி அனுபவங்களைச் சொல்லும் 'ஐலண்ட் பொசெஸ்ட்' வந்தது 1969-இல். அதற்குள் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறி, ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பிக்கும் மையத்தைத் தொடங்கியிருந்தார்.

1992-இல், படகில் தப்பி வந்த ஹைத்தி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியதைக் கண்டித்து 82 வயதில் 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஹைத்தியின் அதிபர் அரிஸ்டீட் கேட்டுக்கொண்ட பிறகே நிறுத்தினார். 2006 மே மாதம் 96 வயதில் காலமானார்.

1936-இல் தீவுகளில் அவர் எடுத்த படச்சுருள்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. நாட்டியம் பயிலும் நம் மாணவர்கள் அவற்றைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், 'ஐலண்ட் பொசெஸ்ட்' நூலையும் தேடிப் படிக்க வேண்டும்.