மோடம்-திசைவி

மோடம்-திசைவி என்பது மோடம், திசைவி ஆகிய இரண்டின் பணிகளையும் ஒருங்கே செய்யும் கருவியாகும். தொலைபேசிக் கம்பியில் வரும் குறிகைகளைக் கணினிக்கு ஏற்ற தரவாக மாற்றுவது மோடம். ஓர் இணைய இணைப்பைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிப்பது திசைவி. ஒரு பெட்டி திசைவியாகவும் இயங்குகின்றதா என்பதை அதன் புறத்தோற்றத்தைக் கொண்டு கூற இயலாது. ஒரே ஒரு ஈத்தர்நெட் துளை உள்ள மோடமும் திசைவியாக இயங்கக்கூடும்.

இயங்கு முறைகள்

இந்தியாவில் 2004 ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் என்பதைக் குறைந்தபட்ச வேகமாக வரையறுத்தது. 2005 இல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் டேட்டாஒன் என்ற ஏ.டி.எஸ்.எல். சேவையைத் தொடங்கியது. இத்தகைய இணைப்புகளில் மோடத்தை இருவகையாக அமைக்கலாம்.

* பால முறை: பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கணினியே அனுப்பி இணைப்பை ஏற்படுத்தும். இணைய முகவரி அக்கணினிக்கே வழங்கப்படும்.
* திசைவி முறை: அவ்விவரங்கள் மோடத்திலேயே சேமிக்கப்பட்டிருக்கும். இணைய முகவரியை மோடம் பெற்று, கணினிகளுக்குத் தனிப்பட்ட முகவரிகளை வழங்கும்.

கண்டறியும் வழிகள்

1. கணினியில் ஒவ்வொரு முறையும் இணைப்பை அழைக்க வேண்டியிருந்தால் அது பால முறையாகும். மோடத்தை இயக்கியவுடன் இணையம் கிடைத்தால் பெரும்பாலும் திசைவி முறையாகும்.
2. அழைப்பு எதையும் ஏற்படுத்தாத இரு கருவிகளை ஒரே மோடத்தில் நேரடியாக இணைத்து, இரண்டிலும் ஒரே வேளையில் இணையம் கிடைத்தால் அது திசைவியே.
3. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் இணையப் பக்க இணைப்பு 'பிரிட்ஜ்' என உள்ளதா, 'பி.பி.பி.ஓ.ஈ.' என உள்ளதா எனக் காணலாம்.

192.168.1.1 என்ற முகவரியில் அமைப்புப் பக்கம் திறப்பது மட்டும் சான்றாகாது. பால முறையில் உள்ள மோடமும் அப்பக்கத்தைக் காட்டக்கூடும். 192.168 எனத் தொடங்கும் முகவரி கணினிக்குக் கிடைப்பதும் அவ்வாறே.

முக்கியத்துவம்

பால முறையில் கணினி இணையத்துடன் நேரடியாகத் தொடர்பு கொள்கின்றது. 2003 இல் பரவிய பிளாஸ்டர், 2004 இல் பரவிய சாசர் ஆகிய கணினிப் புழுக்கள், பயனர் எதையும் திறக்காமலேயே இவ்வாறு இணைந்திருந்த விண்டோசு கணினிகளைத் தொற்றின. திசைவி முறையில் உள்ளிருந்து கோரப்படாத இணைப்புகள் பொதுவாகக் கணினியைச் சென்றடைவதில்லை. எனவே பால முறையைப் பயன்படுத்துவோருக்குத் தீச்சுவர் இன்றியமையாதது.

திருப்பெரும்புதூர், ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் தொழிலாளர்கள் பலர் சேர்ந்து தங்கும் வாடகை அறைகளில் ஓர் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளத் திசைவி தேவை. மோடமே திசைவியாக இருப்பின் மற்றொன்றை வாங்க வேண்டியதில்லை. கூடுதல் துளைகளுக்கு ஒரு சுவிட்சு போதும். இதனை அறியாமல் இரண்டாவது திசைவியைச் சேர்த்தால் முகவரி மாற்றம் இருமுறை நிகழும். பக்கங்களைப் பார்ப்பது தடைபடாது. ஆனால் இணைய விளையாட்டுகளும், வெளியிலிருந்து அணுகும் கண்காணிப்புக் கேமராக்களும் தடைபடலாம். அந்நிலையில் இரண்டில் ஒன்றைப் பால முறைக்கு மாற்ற வேண்டும்.

ஒளியிழை இணைப்புகளில் மோடத்தின் இடத்தை ஓ.என்.டி. என்னும் கருவி பெறுகின்றது. அதற்கும் இவ்விரு முறைகளும் பொருந்தும்.