சீன மொழியில் வேண்டுகோளும் ஏவலும்

சீன மொழியில் வேண்டுகோள், ஏவல் ஆகியவற்றில் பணிவு என்பது, மாண்டரின் சீனம் பேசுவோர் பிறரிடம் ஒன்றைக் கேட்கும்போதும், ஒன்றைச் செய்யச் சொல்லும்போதும் மரியாதையைக் காட்டும் முறைகளைக் குறிக்கும். சீன வினைச்சொற்கள் திணை, பால், எண், இடம் ஆகியவற்றுக்கேற்ப மாறுவதில்லை. எனவே மரியாதையை வினை விகுதியால் காட்ட இயலாது. தனிச்சொற்கள், இடைச்சொற்கள், வினையை இரட்டித்தல், வினா வடிவம் ஆகியவையே அப்பணியைச் செய்கின்றன.

இக்கட்டுரையில் சீனச் சொற்கள் ஏறத்தாழ ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதப்பட்டுள்ளன. தொனி வேறுபாடுகள் காட்டப்படவில்லை.

பணிவுக் கூறுகள்

• சிங்: "கேட்டுக்கொள்", "அழை" எனப் பொருள்படும் வினை. ஏவலின் முன் வந்து "தயவுசெய்து" என்னும் பொருளைத் தரும். "ட்சுவோ" என்பது "உட்கார்". "சிங் ட்சுவோ" என்பது "அமருங்கள்".
• நின்: முன்னிலை மரியாதைச் சொல். இயல்பான முன்னிலைச் சொல் "நீ" ஆகும். தமிழ்ச் சொல்லுடன் இதற்குள்ள ஒலி ஒற்றுமை தற்செயலானது. "நின்" பெய்ஜிங் பகுதியில் மிகுதியாக வழங்குகிறது.
• பா: தொடரின் இறுதியில் வரும் இடைச்சொல். கட்டளையை ஆலோசனையாக மென்மைப்படுத்தும்.
• இரட்டித்தல்: "கான்" என்பது "பார்", "கான்கான்" என்பது "சற்றுப் பார்". வினைக்குப் பின் "யீசியா" சேர்த்தாலும் இதே பொருள் கிடைக்கும். செயல் சிறியது எனக் காட்டுவதால் கேட்பவரின் சுமை குறைகிறது.
• மாஃபன் நின்: "தங்களுக்குத் தொந்தரவு தருகிறேன்" என்னும் பொருளுடைய தொடக்கம்.
• லாவ்ஜியா: பெய்ஜிங் வழக்கில் வழிவிடக் கேட்கும்போது கூறப்படுவது. "ஜியா" என்பதன் மூலப்பொருள் வண்டி. அதுவே எதிரில் இருப்பவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாயிற்று.

விலக்கு ஏவல்

"பூயாவ்", "பியே" ஆகியவை "வேண்டாம்", "செய்யாதே" எனப் பொருள்படும். அறிவிப்புப் பலகைகளில் எழுத்து வழக்குச் சொல்லான "சிங் வூ" (தயவுசெய்து செய்யாதீர்) இடம்பெறும். முழுத் தடையைக் குறிக்க "ஜின்ட்ஷி" என்னும் சொல் பயன்படுகிறது.

உறவும் சூழலும்

குடும்பத்தினரிடமும் நெருங்கிய நண்பர்களிடமும் வெறும் ஏவல் வினையைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. மாறாக, அவர்களிடம் "சிங்" என்பதை அடிக்கடி கூறினால், அயலாரைப் போல நடத்துவதாகத் தோன்றும். சீனம் கற்கும் பிறமொழியினர் ஒவ்வொரு தொடரிலும் இச்சொல்லைச் சேர்ப்பதால், அவர்களது பேச்சு நெருக்கமற்றதாக ஒலிக்கக்கூடும். இதேபோல், சீனர் தம் வழக்கப்படி ஆங்கிலத்தில் நேரடியாக ஏவும்போது, முரட்டுத்தனமானவர் எனத் தவறாக எண்ணப்படுவதுண்டு.

பெரிய உதவியைக் கேட்கும்போது காரணங்களை முதலில் விளக்கி, வேண்டுகோளை இறுதியில் வைப்பது பரவலான வழக்கம். வேண்டுகோளுடன் "ஹாவ் மா?" (சரியா?) என்பது போன்ற வினாவைச் சேர்ப்பதும் உண்டு. இதனால் கேட்பவர் மறுக்க இடம் கிடைக்கிறது. இருவரின் "மியான்சு" (முகம், சமூக மதிப்பு) காக்கப்படுகிறது.

ஆய்வுகள்

"மியான்சு", "லியான்" என்னும் இரு கருத்துருக்களையும் மானிடவியலாளர் ஹூ சியென்-சின் 1944இல் விளக்கினார். மொழியியலாளர் கு யூகுவோ 1990இல் வெளியிட்ட கட்டுரையில், சீனப் பணிவுக்கு மரியாதை, தன்னடக்கம், அன்பான மனப்பாங்கு, நயம் ஆகிய நான்கும் அடிப்படை என்றார். பிரவுன், லெவின்சன் ஆகியோரின் பணிவுக் கோட்பாடு சீனத்துக்கு முழுமையாகப் பொருந்தாது எனவும் வாதிட்டார். விருந்துக்கு வற்புறுத்தி அழைப்பது சீனரிடையே பிறர் உரிமையில் தலையிடுவதாகக் கருதப்படுவதில்லை என்பது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று.

பிற வழக்குகள்

கண்டோனியத்தில் "ம்கோய்" என்னும் சொல் வேண்டுகோளுக்கும், சிறு உதவிக்கு நன்றி கூறவும் பயன்படுகிறது.